புது போன் மாற்றும்போது கிளவுடைத் தவிர்க்க முடியுமா?

மழைக்குருவி: ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கே மாறுகிறேன். போட்டோ, வாட்ஸ்அப் எதுவும் கூகுள் டிரைவுக்குப் போகாமல் மாற்ற வழி உண்டா?

கம்பிவடம்: தாராளமாக. புது போனை ஆன் செய்ததும் வரும் செட்டப்பிலேயே இரண்டு போனையும் யூஎஸ்பி-சி கேபிளில் இணையுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் உதவாது, டேட்டாவும் கடத்த வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இதற்குப் பிறகுதான்: கூகுள் போட்டோஸ் 'பேக்கப்' கேட்கும், அவசரத்தில் சரி என்று தட்டிவிடுவோம். அங்கே மறுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு டிரைவே வேண்டாம். பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்'. அதே எண்ணோடு புது போனில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் நேரடியாகப் போய்விடும். இரண்டிலும் வைஃபை ஆனில் இருக்கட்டும்.

பூட்டுசாவி: கூகுள் போட்டோஸ் பேக்கப்பை நிறுத்தினால் ஏற்கெனவே ஏறியது அழியாது! அதைத் தனியாக நீக்க வேண்டும். அதன்பிறகும் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். நீக்குமுன் படங்களைக் கம்ப்யூட்டரில் நகலெடுங்கள். கூகுள் போட்டோஸ் செயலியில் அழித்தால் போனில் உள்ளதும் சேர்ந்து போகும்.

வாட்ஸ்அப் பேக்கப் வேண்டும் என்றால் 'எண்ட்-டு-எண்ட்' குறியாக்கத்தை (உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) ஆன் செய்யுங்கள். அந்தப் பேக்கப்பைத் திறக்கும் 64 இலக்கச் சாவி தொலைந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்க முடியாது.

மழைக்குருவி: லாகின் கோடு தரும் கூகுள் ஆத்தென்டிகேட்டர் செயலி?

கம்பிவடம்: கணக்கு இணைக்காமல், 'டிரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ்' கியூஆர் வழியே மாற்றலாம். புதியதில் கோடு வேலை செய்வதைப் பார்க்காமல் பழைய போனை ரீசெட் செய்யாதீர்கள்.