வலது இடுப்பில் வலி. கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது?

தென்கரை:

என் அம்மாவுக்கு 67 வயது. வலது இடுப்பு மூட்டில் தேய்மானம். அறுவை சிகிச்சையைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம், அதுவரை கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கட்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அம்மா தடியை வலது கையில் பிடிக்கிறார். வலிக்கிற பக்கத்துக்குத்தானே தாங்கல் வேண்டும் என்பது அவர் வாதம். தெருவில் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். மருத்துவமனையில் பயிற்சி கொடுத்தவர் "இடது கை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

அம்மா பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். "கணக்குப் போட்டுக் காட்டு, மாற்றிக்கொள்கிறேன்" என்கிறார். யாராவது போட்டுக் காட்ட முடியுமா? எடை 60 கிலோ.

மாலைநடை:

என் அப்பாவுக்கும் எதிர்ப்பக்கக் கையில்தான் கொடுத்தார்கள். நடக்கும்போது வலது காலோடு இடது கை தானாக முன்னே வரும், அதனால்தான் என்று விளக்கினார்கள்.

இயன்முறை_வேலூர்:

மாலைநடை சொன்னது உண்மைதான், ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல. அது இடுப்பு மூட்டுக்குள் இருக்கிறது. நான் இயன்முறை மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பலர் வலிக்கிற பக்கக் கையில்தான் தடியைப் பிடித்து வருகிறார்கள். "இடது கை" என்று சொன்னால் மட்டும் போதாது, ஏன் என்றும் சொல்லியனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போனதும் தடி பழைய கைக்கே திரும்பிவிடும். உங்கள் அம்மா கணக்குக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

முதலில் ஒரு சோதனை. மேசையை லேசாகப் பிடித்துக்கொண்டு, வலியில்லாத இடது காலில் மட்டும் அவர் சற்று நிற்கட்டும். இடது இடுப்பெலும்பின் விளிம்புக்குக் கீழே, பக்கவாட்டில் விரல்களை வைத்தால் ஒரு தசை இறுகுவது தெரியும். அதன் பெயர் குளூட்டியஸ் மீடியஸ். நடையில் ஒரு கால் தரையைவிட்டு எழும் ஒவ்வொரு முறையும், உடல் அந்தப் பக்கம் சரிந்துவிடாமல் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

இனி கணக்கு. அம்மா வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்குகிறார். ஒரு காலின் எடை உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஊன்றிய வலது கால் மூட்டுக்குக் கீழே இருப்பதால் அதன் 10 கிலோவைக் கழித்துவிடலாம். எனவே வலது மூட்டு தாங்க வேண்டியது மீதி 50 கிலோ. இந்த 50 கிலோவின் ஈர்ப்பு மையம் மூட்டுக்கு நேர்மேலே இல்லை, இடப்பக்கமாகச் சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. மூட்டைச் சுழல்மையமாக வைத்தால், உடலை இடப்பக்கம் சாய்க்கும் திருப்புத்திறன் (எடையைத் தொலைவால் பெருக்கி வருவது) 50 × 10 = 500. தசையோ மூட்டுக்கு வெளிப்பக்கம் வெறும் 5 செ.மீ. தொலைவில்தான் இழுக்கிறது. 500ஐ 5ஆல் வகுத்தால் 100. கதவைக் கைப்பிடியில் தொட்டுத் தள்ளாமல் கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள். அந்தத் தசையின் பாடு புரியும்.

தசை இழுக்கும் 100 கிலோவும் மூட்டைத்தான் அழுத்துகிறது. 100 + 50 = 150. உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு! ஜெர்மானிய எலும்பு மருத்துவர் ஃப்ரீட்ரிக் பௌவெல்ஸ் 1930களில் இந்த நெம்புகோல் கணக்கைப் போட்டார். பின்னாளில் பெர்லினில் கேயார்க் பெர்க்மன் குழுவினர், செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே உணர்கருவிகளை வைத்து, அதைப் பொருத்திக்கொண்டவர்களை நடக்கவிட்டு அளந்தார்கள். 2001இல் வெளியான அந்த அளவுகளில், சாதாரண நடையில் மூட்டுச் சுமை உடல் எடையைப் போலச் சுமார் 2.4 மடங்கு. காகிதத்தில் போட்ட கணக்கு உயிருள்ள உடலில் இவ்வளவு நெருங்கி வந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இப்போது தடி இடது கைக்கு வரட்டும். அந்தக் கை வலது மூட்டிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. தொலைவில் இருக்கிறது. 8 கிலோ அளவுக்கு மட்டும் தடியை அழுத்தினால், சாய்வைத் தடுக்கும் திருப்புத்திறன் 8 × 40 = 320. தசைக்கு மிஞ்சுவது 180. அதை 5ஆல் வகுத்தால் 36 கிலோ. 50 கிலோவில் 8ஐத் தடி தாங்கிவிடுவதால் மீதி 42. மூட்டின் மேல் 36 + 42 = 78. கிட்டத்தட்ட பாதி.

வலது கையில் பிடித்தால்? தடி கையை மேல்நோக்கித் தள்ளுவது மூட்டுக்கு வலப்பக்கம், சுமார் 20 செ.மீ. தள்ளி. அந்தத் தள்ளல் உடலை இன்னும் இடப்பக்கமே சாய்க்கும். 8 × 20 = 160; 500 + 160 = 660; தசைக்கு 132 கிலோ; மூட்டில் 132 + 42 = 174. நிமிர்ந்து நடந்தால் தடி இல்லாததைவிட மோசம்.

ஒன்றை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இது ஒரு தளத்தில், அசையாமல் நிற்கும் உடலுக்கான கணக்கு. தசை சற்றுச் சாய்வாக இழுப்பதைக்கூடக் கணக்கில் எடுக்கவில்லை. உண்மையான நடையில் அளந்தால் தடியால் குறையும் சுமை இவ்வளவு பெரிதாக இராது. ஆனால் எந்தக் கை என்ற கேள்விக்கு விடை மாறாது.

தென்கரை:

மிக்க நன்றி, டாக்டர். அம்மா பழைய நோட்டில் எல்லாவற்றையும் தானே மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று சொன்னார். ஆனால் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்கிறார். வலது கையில் பிடிக்கும்போதும் வலி குறைவது உண்மை, அது எப்படி? இன்னொன்று, காய்கறிப் பையை இடது கையில் தூக்கி வருகிறார். அதற்குக் கணக்கு என்ன?

இயன்முறை_வேலூர்:

அம்மாவுக்கு என் வணக்கம். இரண்டுமே முதல்தரமான கேள்விகள்.

வலி குறைவது உண்மையே. வலது கையில் தடி இருந்தால் உடம்பு தானாகத் தடியின் மேல் சாய்கிறது. ஈர்ப்பு மையம் மூட்டை நோக்கி நகர்கிறது. தடியின் தள்ளலை விட்டுவிட்டுச் சாய்வை மட்டும் பார்த்தால், 10 செ.மீ. 6 ஆகக் குறையும்போது 50 × 6 = 300, தசைக்கு 60 கிலோதான். நிவாரணம் தருவது தடியல்ல, சாய்வு. நாள் முழுவதும் அடிக்கு அடி சாய்ந்தால் கீழ்முதுகு அந்த விலையைக் கொடுக்கிறது. பின்னாலிருந்து அவர் நடப்பதைப் பாருங்கள். தோள்கள் வலப்பக்கம் ஆடுகின்றனவா என்று தெரிந்துவிடும்.

பை விஷயத்தை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். இடது கையில் 4 கிலோ என்றால் 4 × 40 = 160; தசைக்குக் கூடுதல் 32 கிலோ; பையின் எடையும் சேர்ந்து மூட்டில் 36 கிலோ ஏறுகிறது. அதே பை வலது கையில் இருந்தால் 4 × 20 = 80 சாய்வை எதிர்க்கிறது; தசைக்கு 16 குறைகிறது, பையின் 4 கூடுகிறது, மொத்தத்தில் 12 குறைகிறது. தடி வலது கையில், பை இடது கையில் என்பது அந்த மூட்டுக்கு இருப்பதிலேயே கடுமையான ஏற்பாடு. இரண்டும் கை மாற வேண்டும். அதற்காகப் பையைக் கனமாக்க வேண்டாம். முழங்காலும் கணுக்காலும் அந்த எடையைச் சுமக்கின்றன.

மாலைநடை:

டாக்டர், படிக்கட்டில் எந்தக் கால் முதலில்? அப்பா தினமும் தடுமாறுகிறார்.

இயன்முறை_வேலூர்:

ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு வலிக்கும் காலும் தடியும். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில், பிறகு நல்ல கால். உடலை உயர்த்துவதும் மெல்ல இறக்குவதும் கடினமான வேலை. அது எப்போதும் நல்ல காலுக்கே போக வேண்டும். கைப்பிடி இருந்தால் ஒரு கை அதில் இருக்கட்டும்.

சமதரையில் தடியும் வலிக்கும் காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் தடியின் பிடி இருக்க வேண்டும். பிடித்தால் முழங்கை சற்று மடங்கியிருக்கும்.

தடுமாற்றத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பெர்க்மன் குழுவினரின் அளவீட்டில், கால் தடுக்கிச் சமாளித்த ஒரு கணத்தில் மூட்டுச் சுமை உடல் எடையைப் போல 7 மடங்கையும் தாண்டியது. வாசலில் நழுவும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். தடியின் அடியில் உள்ள ரப்பரைத் திருப்பிப் பாருங்கள். அதன் வரிகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் இன்றே மாற்றுங்கள்.