கோலாலம்பூரில் வீடு வாங்கும் முன் அதே கட்டடத்தில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள்

வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத தம்பி ஒருவர் போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்த்தபோது கேட்டார்: "அண்ணா, மாதம் மூவாயிரம் வெள்ளி வாடகைக்கே போகுது. அதையே தவணையாக் கட்டினா வீடு நம்மளோடதாகிடுமே?" ஊரில் நம் எல்லோர் வீட்டிலும் சொல்லி வளர்த்த கணக்கு. நானும் வந்த புதிதில் அதைத்தான் போட்டேன். குடியுரிமை இல்லாதவருக்கு இங்கே அந்தக் கணக்கு அப்படியே வராது.

கோலாலம்பூரில் வெளிநாட்டவர் வாங்கும் வீடு குறைந்தது பத்து லட்சம் வெள்ளி (ரிங்கிட்) இருக்க வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலத்திலும், பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்கள், பூர்வகுடிகள்) ஒதுக்கிய வீடுகளிலும், மலிவு விலை வீடுகளிலும் நமக்கு இடமில்லை. சாலையைத் தாண்டினால் சிலாங்கூர் மாநிலம் என்ற பகுதிகள் பல உண்டு. அங்கே வரம்பு வேறு, அதனால் முகவரியை முதலிலேயே சரிபாருங்கள்.

சரி, பத்து லட்சம் வீட்டுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்? வங்கி 70% கடன் தந்தால் மீதி மூன்று லட்சம் நம்முடையது. பெயர் மாற்றத்துக்கு வெளிநாட்டவர் கட்டும் முத்திரை வரியை 2024இல் ஒரே விகிதமாக 4% ஆக்கினார்கள். 2026 ஜனவரியிலிருந்து குடியிருப்பு வீடுகளுக்கு அது 8%. பத்து லட்சத்துக்கு 80,000 வெள்ளி. வாங்கும் பத்திரத்துக்கு வக்கீல் கட்டணம் 11,250. கடன் பத்திரத்துக்குத் தனிக் கட்டணம், அதற்கும் 0.5% முத்திரை வரி. கூட்டிப் பாருங்கள், நான்கு லட்சத்தைத் தாண்டிவிடும். நிரந்தரவாசத் தகுதி பெற்றவர்களுக்கு இந்த 8% கிடையாது.

விற்கும்போதும் இப்படித்தான். ஐந்து வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30% வரி, அதற்குப் பிறகு 10%. விற்பவர் வெளிநாட்டவர் என்றால் வாங்குபவரின் வக்கீல் விற்பனை விலையில் 7%ஐ முதலிலேயே பிடித்து வருமான வரி வாரியத்தில் கட்டிவிடுவார். இரண்டு வருட வேலை பெர்மிட்டில் இருப்பவர் இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா? ஐந்து வருடமாவது இருப்போம் என்ற உறுதி இல்லாதவர் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இருப்போம் என்று முடிவெடுத்தவர்கள் வீட்டைவிடக் கட்டடத்தைப் பாருங்கள். செந்தூலில் நான் வாடகைக்கு இருந்த கொண்டோவில் பதினான்காம் மாடி வீடு ஒன்று விலைக்கு வந்தது. காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தபோது நீச்சல் குளம், காற்று, தூரத்து மலை, எல்லாமே பிடித்தது. முன்பணம் கொடுக்கவிருந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் கொட்டித் தீர்த்த மழை. கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் கூரை விரிசலிலிருந்து சுண்ணாம்பு நீர் சொட்டி என் கார் பானெட்டில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. துடைத்தால் போகவில்லை, பெயின்ட்டையே அரித்திருந்தது. பக்கத்தில் ஏற்கனவே இரண்டு பெயின்ட் வாளிகள் நிரம்பிக் கிடந்தன. அப்புறம்தான் லிஃப்ட் அருகே ஒட்டியிருந்த தாளை நின்று படித்தேன். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களின் பட்டியல், இரண்டு பக்கம். காலை ஏழே முக்காலுக்கு லிஃப்டுக்காக ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதும் அன்று புரிந்தது. அந்த வீட்டை வாங்கவில்லை.

அதனால் நிர்வாக அலுவலகத்தில் கடைசி ஆண்டுக் கூட்டத்தின் குறிப்பையும் தணிக்கைக் கணக்கையும் கேளுங்கள். சிங்கிங் ஃபண்டில், அதாவது பெரிய பழுதுகளுக்கென்று சேர்த்து வைக்கும் நிதியில், எவ்வளவு இருக்கிறது, பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். லிஃப்ட் மாற்றவும் கூரை ஒழுகலை அடைக்கவும் அந்தப் பணம்தான்.

ஏஜென்ட்டிடம் ஆர்இஎன் எண் (பதிவு பெற்ற வீட்டு முகவர் எண்) உள்ள அட்டை இருக்க வேண்டும். என்னிடம் ஒருவர் முன்பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போடச் சொன்னார், எழுந்து வந்துவிட்டேன். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ வக்கீலின் கணக்கிலோ மட்டும் கட்டுங்கள். வக்கீல் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். வெளிநாட்டவர் வாங்க மாநில அதிகாரத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம். ஒப்புதலோ கடனோ கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வர வேண்டும் என்று, கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

ஊரில் நிலம் விற்ற பணத்தைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்தியாவில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரைதான் வெளியே அனுப்பலாம். ஆடிட்டரின் சான்றிதழ் கேட்பார்கள், முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அந்தத் தம்பிக்கு ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கட்டடம் பிடித்திருக்கிறது. அங்கேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார், அடுத்த மாதம் குடிபோகிறார். முதல் பெருமழை அன்று கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.