சிங்கப்பூரில் தேசிய சேவை: மனத்தை விட்டு நீங்காத ஒரு நாள்

செங்காங்கிலிருந்து ஒரு தாய்:
கட்டாயப் படைச் சேவைக்காக மகனைத் தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் விட்டுவந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. தங்குமிடத்தைக் காட்டினார்கள், உணவுக்கூடத்தில் எங்களுக்கும் சாப்பாடு கொடுத்தார்கள், பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தார்கள்; எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. நாங்கள் படகுக்குக் கிளம்பும் நேரத்தில், மூன்று வயதில் பழனியில் மொட்டையடித்தபோது போட்டுவிட்ட முருகன் டாலர் சங்கிலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவனே மடக்கிவிட்டான். "நீங்களே வச்சிருங்கம்மா" என்றான். நாட்டுக்குப் படை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காமலேயே அழைத்துக்கொள்வது முறைதானா என்பதற்குத்தான் எனக்கு விடை கிடைக்கவில்லை.

சேவை முடித்த ஒருவர், யீஷூன்:
அம்மா, காட்டுப் பயிற்சியின்போது பெற்றோர் எழுதிய கடிதத்தைக் கொடுப்பார்கள். மழையில் பாதி நிரம்பிய குழிக்குள், நானே தோண்டிய குழிதான் அது, டார்ச் வெளிச்சத்தில் பிரித்தால், அப்பா தமிழில் எழுதியிருந்தார். பள்ளியில் தமிழை ஒப்புக்குப் படித்த எனக்கு அவருடைய கூட்டெழுத்து பிடிபடவில்லை. பக்கத்துக் குழியிலிருந்த தமிழ்ப் பையன், அதுவரை நான் பேசியேயிராதவன், தவழ்ந்து வந்து வரி வரியாக வாசித்துக் காட்டினான். அப்பா என்னிடம் ஒருநாளும் நேரில் சொல்லாதவற்றை அவன் குரலில் கேட்டேன். கட்டாயம் இல்லையென்றால் நான் அங்கே போயிருக்க மாட்டேன்.

இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசி:
மேலே எழுதியவரின் கடிதம் என்னையும் கலங்க வைத்தது. ஆனால் ஒரு நல்ல இரவுக்காக இரண்டு ஆண்டுகளை நியாயப்படுத்த முடியாது. குடியுரிமை பெறாமல் இங்கே நிலையாகத் தங்கிய முதல் தலைமுறை என்பதால் என் தந்தைக்கு இந்தக் கடமை இல்லை, எனக்கு உண்டு. பட்டம் பெற்று முதல் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, மேசைக்கு அப்பால் இருந்தவர், "இன்னும் எத்தனை வருடம் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார். சேவை முடித்த பிறகும் ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கலாம் என்றதும் அவர் பேனாவை மூடி வைத்தார். அந்தப் பேனா மூடியின் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓய்வுபெற்றவர், தோ பாயோ:
தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. முதலாளிகளைக் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்து நாடு தனியானபோது நம்மிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். மக்கள்தொகை குறைந்த ஊரில் விருப்பமுள்ளவர் மட்டும் வரட்டும் என்றால் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் வந்திருப்பார்கள்; 1967இல் எல்லார்க்கும் பொதுவாக்கியதை நான் அதனாலேயே ஆதரிக்கிறேன். நான் இரண்டரை ஆண்டுகள் செய்தேன், 2004இல்தான் அது இரண்டாகக் குறைந்தது. முதல் நாள் அணிவகுப்பில் அசையாமல் நேராக நிற்கச் சொல்லும் "செடியா" என்ற மலாய்க் கட்டளை புரியாமல் நான் ஒருவன் மட்டும் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் என் கதை.

செங்காங் அம்மாவுக்குச் சில வார்த்தைகள். மகன் விடுப்பில் வரும்போது உடனே கேள்வி கேட்காதீர்கள், முதலில் தூங்க விடுங்கள். துணிப்பையைத் திறந்தால் நாற்றம் அடிக்கும், முகம் சுளிக்க வேண்டாம். வேர்க்குருப் பவுடரும் தடித்த காலுறைகளும் கூடுதலாக வாங்கி வையுங்கள். இளைய மகன் இருந்தால் இப்போதே ஓடப் பழக்குங்கள். சேருமுன் உடற்தகுதித் தேர்வில் நல்ல நிலையில் தேறியவர்களுக்குச் சேவைக் காலம் இரண்டு மாதம் வரை குறையும். கடிதம் கேட்டு அனுப்பினால் தமிழிலேயே எழுதுங்கள், ஆனால் எழுத்தைப் பிரித்துப் பிரித்து எழுதுங்கள்.