100 × 50 மைதானத்தில் 200 மீற்றர் ஓடுபாதை: ஸ்டகர் எவ்வளவு?

செம்மண்தரை:
வணக்கம். உடற்கல்வி டிப்ளோமாவில் மைதானம் அடையாளமிடும் செய்முறைக்கு எங்கட குழுவுக்கு வலிகாமத்தில ஒரு பாடசாலை மைதானம் தந்திருக்கினம். நீளம் 100 மீற்றர், அகலம் 50. அதில 200 மீற்றர் ஓடுபாதை, 6 சுவடு (lane, ஒவ்வொருவரும் ஓடுற தனிப் பாதை) போடவேணும். கையில இருக்கிற குறிப்பெல்லாம் 400 மீற்றருக்கானது: ஆரை 36.50, நேர்ப்பகுதி 84.39, இரண்டாம் சுவட்டுக்கு ஸ்டகர் (வெளிச் சுவட்டுக்காரர் முன்னால தள்ளித் தொடங்குற தூரம்) 7.04. எல்லாத்தையும் பாதியாக்கினால் ஆரை 18.25 வருது, ஆனா 6 சுவட்டோட அகலம் 51 மீற்றரைத் தாண்டுது. ஆரையைக் குறைச்சால் ஸ்டகரும் மாறுமா? 7.04ஐயும் பாதியாக்கிறதா? பொங்கல் கழிய அதே கோட்டிலதான் பாடசாலையின்ர இல்ல மெய்வல்லுனர் போட்டியும். புள்ளி வாங்கிறதோட முடியிற வேலை இல்லை.

முளையும்நூலும்:
பாதியாக்கவே கூடாது. ஸ்டகருக்கும் ஆரைக்கும் தொடர்பு இல்லை. ஒரு முழுச் சுற்றில் இரண்டு வளைவும் சேர்ந்து ஒரு வட்டம். பக்கத்துச் சுவட்டின் வட்டம் 1.22 மீற்றர் பெரிய ஆரை கொண்டது. வித்தியாசம் 2 × 3.1416 × 1.22 = 7.67 மீற்றர். ஆரை 36 என்றாலும் 16 என்றாலும் இதேதான்.

அப்ப 7.04 எங்கால வந்தது? 400 மீற்றர் பாதையில் உள்விளிம்பில் உயர்த்திய கரை இருக்கும். முதலாம் சுவட்டை அந்தக் கரையிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளப்பினம், மற்றச் சுவடுகளைக் கோட்டிலிருந்து 20 தள்ளி. அந்த 10 சென்ரிமீற்றர்தான் இரண்டாம் சுவட்டு ஸ்டகரை 7.67இலிருந்து 7.04 ஆக்குது. உங்கட மைதானத்தில் கரை இல்லை, சுண்ணாம்புக் கோடு மட்டும். எல்லாச் சுவடும் 20இல்தான் அளக்கவேணும். 7.04 போட்டால் 2 முதல் 6 வரை ஓடுற எல்லாருமே 63 சென்ரிமீற்றர் கூட ஓடவேண்டிவரும், முதலாம் சுவட்டுக்காரருக்கு இலாபம். பழைய குறிப்பைப் பார்த்து எழுதுற குழு மாட்டுப்படுறது இதில்தான்.

உங்கட அளவுக்கு ஆரை 16.00 எடுங்கோ. ஓடும் கோட்டின் ஆரை 16.20, இரண்டு வளைவும் 101.79. மிச்சம் 98.21ஐ இரண்டாகப் பிரிக்க நேர்ப்பகுதி 49.11. 6 சுவட்டோட மொத்தம் 95.75 நீளம், 46.64 அகலம். நீளத்தில் இருபக்கமும் 2 மீற்றருக்குக் கொஞ்சம் மேல, அகலத்தில் 1.68 மிஞ்சும்.

அடிக்கிற முறை: மைதானத்தின் நடுக்கோட்டில் 49.11 இடைவெளியில் இரண்டு முளை. ஒவ்வொரு முளையிலும் 6, 8, 10 முக்கோணம் பிடித்துச் செங்கோணம் எடுத்து, இரண்டு பக்கமும் 16.00இல் ஆணி. நாலு ஆணியும் ஒரு செவ்வகம்; அதன் இரண்டு மூலைவிட்டமும் 58.62 வரவேணும். இரண்டுக்கும் இடையில் 3 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சுண்ணாம்பு வாளியைத் தொடாமல் திரும்ப அளவுங்கோ. 16.00 என்றது முதலாம் கோட்டின் வெளிவிளிம்பு. அந்த 5 சென்ரிமீற்றர்க் கோடு 15.95க்கும் 16.00க்கும் இடையில் விழவேணும். மற்றக் கோடுகளின் தடிப்பு அந்தந்தச் சுவட்டின் 1.22க்குள் அடக்கம்.

பனங்கூடல்:
கணக்கு சரி. மைதானத்தில் பிழைக்கிறது கயிறு. நைலோன் கயிறு இழுத்த இழுப்புக்கு நீளும். 16 மீற்றரில் 1 வீதம் நீண்டாலே 16 சென்ரிமீற்றர், சுற்றில் 1 மீற்றர் கூடிப்போகும். வளைவுக்குக் கட்டுக்கம்பி அல்லது ஸ்டீல் டேப்தான். கம்பியை முளையில் இறுக்கிக் கட்டினால் சுத்தச் சுத்த முளையில் சுருண்டு ஆரை குறையும். முளையில் தளர்வான இரும்பு வளையம் போட்டு அதில் கட்டுங்கோ, அளவை முளையின் நடுவிலிருந்து எடுங்கோ. முளை சாயாமல் ஒராள் பிடிச்சுக்கொண்டே நிற்கவேணும். மார்கழி மழைக்குப் பிறகு செம்மண் இளகிக் கிடக்கும், அரை மணித்தியாலத்தில் முளை ஆடத் தொடங்கியிடும்.

ஸ்டகரை வளைவில் டேப் வளைச்சு அளக்காதையுங்கோ, நாண் அளவு எடுங்கோ. முடிவுக்கோடு வளைவு தொடங்குற இடத்தில்தானே? அந்தக் கோட்டில், ஒவ்வொரு சுவட்டின் உட்கோட்டிலும் டேப்பின் பூச்சியத்தை வைத்து, அதே உட்கோட்டில் நேராக இழுத்து வெட்டுங்கோ. 16.00 ஆரைக்கு 2ஆம் சுவடு 7.52, 3ஆம் 14.74, 4ஆம் 21.51, 5ஆம் 27.76, 6ஆம் 33.48. இது ஒரு சுற்று ஓடும் 200 மீற்றருக்கு மட்டும். தொடக்கக் கோட்டை அந்தப் புள்ளியிலிருந்து வட்ட மையத்தை நோக்கி இழுக்கவேணும். சும்மா முடிவுக்கோட்டுக்குச் சமாந்தரமாக இழுத்தால் சுவட்டின் ஒரு பக்கம் முன்னுக்கும் மற்றப் பக்கம் பின்னுக்கும் போயிடும்.

சுட்டசுண்ணாம்பு வேண்டாம், நீற்றி ஆறினதுதான். கண்ணில பட்டால் பிறகு விளையாட்டுப்போட்டி இல்லை, ஆசுப்பத்திரிதான்.

கோல்மாற்று:
எத்தனை இல்லம்? நாலு என்றால் 6 சுவடு கட்டாயமா என்று பொறுப்பாசிரியரிட்டக் கேளுங்கோ. 4 சுவடு என்றால் ஆரை 18.00, நேர்ப்பகுதி 42.82 போடலாம், அகலம் 45.76தான் வரும். 16 மீற்றர் வளைவில் பெரிய பிரிவுப் பெடியள் முழு வேகத்தில வந்தால் வெளியால தள்ளுப்பட்டு அடுத்த சுவட்டில மிதிப்பினம், பிறகு முறைப்பாடுதான். நாண் அளவுகளைத் திரும்பக் கணிக்கவேணும், அவ்வளவுதான் தொல்லை.

4 × 100 அஞ்சலோட்டம் (relay) இரண்டு சுற்று. முழுக்கச் சுவட்டிலேயே ஓடினால் ஸ்டகர் சுவட்டுக்கு 15.33. நாலாம் சுவடு 45.99 முன்னால தொடங்கும், வளைவுக்குள் அடங்கும். ஆறாம் சுவடு 76.65, 16 ஆரையில் அந்தச் சுவட்டின் வளைவே 70.06தான், ஆகவே ஓடுபவர் எதிர்ப்பக்க நேர்ப்பகுதியில போய் நிற்பார். அஞ்சலை 4 சுவட்டோட நிறுத்துங்கோ.

கோல் மாற்றும் இடங்கள்: முதல் மாற்றம் எதிர்ப்பக்க வளைவு தொடங்கும் கோட்டிலிருந்து சுவட்டுக்கு 11.50 முன்னால, இரண்டாவது 200 மீற்றர் தொடக்கக் கோடுகளிலேயே, மூன்றாவது திரும்பவும் எதிர்ப்பக்கக் கோட்டிலிருந்து சுவட்டுக்கு 3.83 முன்னால. மாற்று வலயம் இப்ப 30 மீற்றர்: அந்தக் குறிக்கு முன் 20, பின் 10. பழைய புத்தகத்தில் 20 மீற்றர் வலயமும் அதற்கு முன் 10 மீற்றர் வேகமெடுக்கும் தூரமும் என்று இருக்கும். வாய்மொழிப் பரீட்சையில் இதைக் கேட்க நிறைய வாய்ப்பு இருக்கு.

செம்மண்தரை:
நாலு இல்லம்தான், ஆனா 200 மீற்றர் இறுதிக்கு 6 பேர் எடுக்கினம். அதால 16 ஆரையில 6 சுவடு, அஞ்சல் மட்டும் 4இல். இன்னொன்று: 100 மீற்றர் ஓட்டத்தை எங்க வைக்கிறது? மூலைக்கு மூலை இழுக்கலாம் என்று ஒராள் சொல்லுறார்.

முளையும்நூலும்:
ஏலாது. மூலைவிட்டமே 111.80. 100 மீற்றருக்குத் தொடக்கத்துக்குப் பின்னால 3, முடிவுக்குப் பின்னால 17 சேர்த்து 120 வேணும். வளைவோட சேர்த்து அரைச் சுற்று ஓடினால் தூரம் 100தான், ஆனா அதை 100 மீற்றர் நேரோட்டமாகப் பதிவேட்டில் எழுத ஏலாது.

முடிவுக்கோட்டை மாற்றாமல் நேர்ப்பகுதியைப் பின்னுக்கு நீட்டினால், முன்னால 25.44 மிஞ்சும், பின்னால 71 வரைக்கும் எடுக்கலாம். ஆகவே 70 மீற்றர் சுகமாக அமையும். 80 வேணுமெண்டால் முடிவுக்கோட்டை 8.44 முன்னுக்குத் தள்ளவேணும். அப்ப சரியாக 17 மிஞ்சும், அதற்குப் பிறகு மதில். சின்னப் பிரிவுக்கு 70 போடுங்கோ, பெரிய பிரிவின் 100ஐ வேறொரு நாள் பெரிய மைதானத்தில முடியுங்கோ.

பனங்கூடல்:
80 போட்டால் மதிலுக்கு மெத்தை சாத்த மறக்காதையுங்கோ. உயரம் பாய்தலுக்கு வைச்சிருக்கிற மெத்தையை எடுத்தால் அந்த நிகழ்ச்சியை வேற நேரத்துக்கு மாற்றவேணும், நேரசூசியை இப்பவே பாருங்கோ.