புதுப்பிப்பு: எங்கள் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எப்போது?

வடசென்னையில் எங்கள் வார்டுப் பள்ளிக்கு ஏன் இன்னும் புதுக் கட்டடம் வரவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது பொறியாளர் வந்து பார்த்துவிட்டார். சுத்தியலால் தூணைத் தட்டியதும் பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்களே, அதன்பிறகுதான் மாநிலமெங்கும் இந்த ஆய்வு தீவிரமானது.

சரி, பழைய கட்டடத்தை இடிக்க அனுமதி கிடைத்தால் போதுமா? கட்டுவதற்கான நிதி தனிக் கோப்பு. இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? மாற்று இடத்தை எழுத்தில் கேட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

அப்புறம், யூடைஸ் (பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் அரசுத் தரவுத்தளம்) பதிவில் உங்கள் பள்ளி வகுப்பறைகள் ‘நல்ல நிலை’ என்றா, ‘பெரிய பழுது’ என்றா இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நிதி கேட்கும்போது அந்தப் பதிவைத்தான் புரட்டுவார்கள்.