டேபிள் சா மெஷினில் பலகை திருப்பி அடித்து விரல் வெட்டு: அனுபவமுள்ள தச்சர்கள் உதவ வேண்டும்

வணக்கம். வீடு கட்டும் இடங்களில் தச்சு வேலை செய்யும் ஐந்து பேர் கொண்ட குழு எங்களுடையது. போன வாரம் எங்களில் இளையவனுக்கு டேபிள் சா மெஷினில், அதாவது மேசைக்கு மேலே நீட்டிய வட்ட பிளேடு சுழன்று பலகை அறுக்கும் மெஷினில், பலகை திருப்பி அடித்து, இடது கையில் இரண்டு விரல்கள் ஆழமாக வெட்டுப்பட்டுவிட்டன. தையல் போட்டாயிற்று, விரல்கள் தப்பின. எனக்குத்தான் இன்னும் தூக்கம் வரவில்லை.

காரணம் தெரியும். அறுத்த இடைவெளி பின்பக்கம் மூடிக்கொண்டு பிளேடை இறுக்கிவிட்டது. அதைத் தடுக்க பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகட்டை, அதாவது ரைவிங் நைஃபை, மாதக்கணக்கில் கழற்றியே வைத்திருந்தோம். இப்போது தேடினால் கிடைக்கவில்லை. அது என் தவறு.

பழைய மெஷினுக்கு வேறு கம்பெனித் தகடு பொருத்தியவர்கள் இருக்கிறீர்களா? தடிமன் பிளேடு வெட்டும் அகலத்தைவிடக் குறைவாகவும், பிளேடின் உடல் தடிமனைவிடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது தெரியும். பிடிமானத் துளைகள்தான் பொருந்தவில்லை. கையுறை போடச் சொல்கிறார்கள் சிலர்; சுழலும் பிளேடு அதைக் கையோடு இழுத்துக்கொள்ளும், அதனால் வேண்டாம்.

அப்புறம், இப்படி வெட்டுப்பட்டவர்களே, விரல் மடங்க எத்தனை நாள் ஆனது? உளியை மறுபடி இறுக்கிப் பிடிக்க முடிந்ததா? தம்பி தினமும் இதைத்தான் கேட்கிறான்.