குள்ளமான அம்மாக்களே, உங்களுக்குப் பொருந்திய பேபி கேரியர் எது? அனுபவம் சொல்லுங்கள்

ஏலக்காட்டு அம்மா, வண்டன்மேடு

என் உயரம் 4 அடி 10 அங்குலம். பிரசவத்துக்கு அப்புறமும் உடம்பு போடவில்லை, ஒல்லிதான். வீடு ஏலத்தோட்டத்துக்குள் இருக்கிறது, ரோட்டிலிருந்து ஏறி வர வேண்டும், கல் பாவிய பாதை, ஜூன் மாதம் மழை பிடித்தால் முழுக்கப் பாசி. இங்கே தள்ளுவண்டி வாங்கினால் விறகு ஏற்றத்தான் ஆகும். ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, பிள்ளையை எந்தக் கையில் பிடிப்பது? அதனால் பிள்ளையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிற கேரியர்தான் வழி. கம்பத்தில் இருக்கிற என் அம்மாவுக்கு மட்டும் இது புரியவே இல்லை, "உன்னையெல்லாம் நான் இடுப்பில் வைத்தே வளர்த்தேன்" என்பார். சமதரையில் வளர்த்தார், பக்கத்திலேயே சித்தி, பெரியம்மா என்று வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது.

முதலில் வந்தது பக்கிள் கேரியர், அதாவது இடுப்பு பெல்ட்டும் தோள்பட்டையும் வைத்துக் கொக்கி போட்டு மாட்டுகிற வகை, நாத்தனார் கொச்சியிலிருந்து ஆசையாக வாங்கி வந்தார். எல்லா உடல்வாகுக்கும் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருந்தது. இடுப்பு பெல்ட்டை மாட்டி நாடாவை இழுக்கிறேன், இழுக்கிறேன், பஞ்சு வைத்த இரண்டு நுனியும் முதுகுக்குப் பின்னால் வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. அதற்கு மேல் நாடா ஒரு முழம் மிச்சம் இருந்து என்ன பயன், இறுகாதே. பெல்ட் இடுப்பில் பிடிக்காமல் கீழே நழுவ, பிள்ளையின் எடை மொத்தமும் தோளில் தொங்கியது. தோள்பட்டையிலும் இதே கதைதான். பட்டையின் பஞ்சு என் அக்குளைத் தாண்டி விலா வரைக்கும் வந்து நின்றது, இறுக்குகிற கொக்கி அதற்கும் கீழே, இழுக்க இடமே இல்லை. இடைவெளி விழுந்ததால் பிள்ளை என் உடம்பை விட்டு முன்னால் தள்ளியே இருந்தான், குழந்தை உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக நம் முதுகு பின்னால் வளையும், சாயங்காலம் ஆனால் இடுப்புக்கு மேலே ஒரே வலி.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பயம் வந்தது வேறு இடத்தில். பிள்ளையின் முதுகை மூடுகிற துணி, பேனல் என்று சொல்வார்கள், அது அவன் தலைக்கும் மேலே நின்றது. நான் குனிந்து பார்த்தால் முகமே தெரியவில்லை. கைக்குழந்தைக்குக் கழுத்து நிற்காத மாதங்களில் தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுப் பாதை மடங்கிவிடும், சத்தம்கூட வராது. மூக்கு துணியில் புதைந்தாலும் அப்படித்தான். பிரிட்டனில் ஸ்லிங், அதாவது பிள்ளையைக் கட்டித் தூக்குகிற துணி, விற்பவர்கள் சேர்ந்து ஆங்கில முதல் எழுத்துகளைக் கோத்து டிக்ஸ் (TICKS) என்று ஐந்து விதி வைத்திருக்கிறார்கள்: இறுக்கமாக இருக்க வேண்டும், முகம் எந்நேரமும் கண்ணில் பட வேண்டும், தலை குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும், தாடை நெஞ்சில் படியக் கூடாது, முதுகுக்குத் தாங்கல் வேண்டும். நம் உடம்பைவிடப் பெரிய கேரியரில் முதல் இரண்டுமே போய்விடுகிறது, மற்றதைப் பேசி என்ன.

கடையில் கேட்டால் இது எத்தனை கிலோ தாங்கும் என்றுதான் பெருமையாகச் சொல்கிறார்கள். இருபது கிலோ தாங்குமாம். அந்த எடை வரும்போது அவன் என்னைத் தூக்குவான். நமக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு பெரிதாகும் என்பதல்ல, எவ்வளவு சிறிதாகும் என்பது. பெல்ட்டை முழுக்க இறுக்கினால் எத்தனை அங்குலம்? தோள்பட்டையில் பஞ்சு எவ்வளவு நீளம்? பேனல் உயரம் எவ்வளவு, அதைச் சுருக்க வழி உண்டா? ஆன்லைனில் வாங்கினால் இந்த மூன்றையும் கேள்வி கேட்கிற இடத்தில் எழுதிக் கேளுங்கள், பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். வயிற்றைச் சுற்றித் தையல் டேப்பை வைத்து உங்கள் அளவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் மட்டத்தில் எடுங்கள், நாம் பெல்ட் கட்டப்போவது அங்கேதான். பெல்ட்டை இடுப்பெலும்பில் கட்டு என்று வீடியோவில் சொல்வது உயரமானவர்களுக்குச் சரி. நமக்குத் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே இடம் குறைவு, கீழே கட்டினால் பிள்ளை வயிற்றில் தொங்குவான், உட்கார்ந்தால் பெல்ட் தொடையில் குத்தும். மேலே ஏற்றிக் கட்டினால் சிசேரியன் தையலிலும் அழுத்தாது.

கடைசியில் எனக்குக் கை கொடுத்தது ரிங் ஸ்லிங். இரண்டு வளையம், ஒரு நீளத் துணி, பஞ்சு கிடையாது, பெல்ட் கிடையாது, அதனால் சிறிதாவதற்கு எல்லையும் கிடையாது. துணியை இரண்டு வளையத்துக்குள்ளும் கீழிருந்து விட்டு, மேல் வளையத்தின் மேலாக எடுத்து, கீழ் வளையத்துக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். மொத்தமாகப் பிடித்து இழுத்தால் இறுகாது, துணியை மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொண்டு முதலில் மேல் ஓரம், அப்புறம் நடு, அப்புறம் கீழ் ஓரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கணும். உட்கார வைக்கும்போது கீழ் ஓரத் துணியைப் பிள்ளையின் புட்டத்துக்கு அடியில் கொடுத்து, உங்கள் வயிற்றுக்கும் அவனுக்கும் நடுவே மேலே தள்ளி, ஒரு முட்டியிலிருந்து மறு முட்டி வரை விரித்துவிடுங்கள். முட்டி புட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். இப்படி உட்கார்ந்தால் இடுப்பு மூட்டுக்கு நல்லது, கால் இரண்டும் நேராகக் கீழே தொங்குகிற மாதிரி கேரியர் வேண்டாம். இடுப்பு மூட்டுக்கென்றே இருக்கிற இன்டர்நேஷனல் ஹிப் டிஸ்பிளேசியா இன்ஸ்டிட்யூட் சொல்வதும் அதுதான். மாட்டி முடித்ததும் வளையம் தோள் எலும்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். குள்ளமாக இருப்பவர்களுக்கு இறுக்கி முடிக்கும்போது அது மார்பு வரை இறங்கிவிடும், அதனால் மாட்டும்போதே வளையத்தைத் தோளுக்கு மேலே, கொஞ்சம் பின்பக்கமாகவே வைத்துத் தொடங்குங்கள்.

ஒரே தோள் என்பதால் எடை கூடினால் வலிக்கும், தோள் மாற்றி மாற்றிப் போடுங்கள். பையன் இப்போது கனம், அடுத்து என்ன வாங்குவது என்று யோசிக்கிறேன். உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்

அக்கா, நீங்கள் மழையில் இருக்கிறீர்கள், நான் வெயிலில். பாலக்காட்டில் மார்ச் ஏப்ரல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் 4 அடி 11. குழந்தை பிறந்ததும் தோழி சொன்னாள் என்று இழுபடுகிற ராப் வாங்கினேன், ராப் என்றால் உடம்பைச் சுற்றிக் கட்டி முடிச்சு போடுகிற நீளத் துணி, இது பனியன் துணி மாதிரி இருக்கும், நெஞ்சைச் சுற்றி மூன்று அடுக்கு வரும். பத்து நிமிடத்தில் எனக்கும் பாப்பாவுக்கும் நடுவில் வேர்வை ஓடியது, அவள் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு. அதைத் துவைத்து மடித்துக் கோயம்புத்தூரில் இருக்கிற தங்கைக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்கு டிசம்பரில் பிரசவம்.

அப்புறம் நெய்த பருத்தி ராப் வாங்கினேன், இதில் குள்ளமானவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. ராப் துணிக்கு எண் போட்டு விற்கிறார்கள். ஆறாம் எண் 4.6 மீட்டர், எல்லாரும் அதைத்தான் வாங்கச் சொல்வார்கள். நமக்கு ஐந்தாம் எண், அதாவது 4.2 மீட்டர் போதும், அதிலும் முடிச்சு போட்ட பிறகு வால் முட்டி வரை தொங்குகிறது. ஆறு வாங்கியிருந்தால் வாசல் கூட்டிக்கொண்டே நடந்திருப்பேன். நம் புடவை ஐந்தரை மீட்டர், அதையே கட்டிக்கொள்ளலாமே என்று மாமியார் சொன்னார். பழைய நூல் புடவை மெத்தென்று இருக்கும்தான், ஆனால் நைந்த இடம் எது என்று நமக்குத் தெரியாது, பாரம் தாங்கும்போது அந்த இடத்தில்தான் கிழியும். தூளிக்குக் கட்டுங்கள் அத்தை, தோளில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தூளிக்கே நல்ல புடவைதான் கட்டணும், அது வேறு.

ரிங் ஸ்லிங் தைக்கிறவர்களுக்கு ஒன்று. டெய்லரிடம் துணி கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம், ஆனால் வளையம் பையில் போடுகிற வளையமோ திரைச்சீலை வளையமோ வைக்காதீர்கள். அதில் பற்றவைத்த இணைப்பு இருக்கும், எடையில் விரியும். ஸ்லிங்குக்கென்றே இணைப்பு இல்லாத அலுமினிய வளையம் தனியாக விற்கிறார்கள்.

குமுளிக்காரி

எனக்குக் கேரியரும் இல்லை ஒன்றும் இல்லை. நான் 4 அடி 9, மூன்று பிள்ளைகளையும் இடது இடுப்பில் வைத்தே வளர்த்தேன். இப்போது இடது இடுப்பு ஒரு பக்கம் ஏறி இருக்கிறது என்று பிசியோதெரபி போகிறேன். வாங்குகிறவர்கள் வாங்குங்கள்.

செங்கோட்டை

எங்கள் வீட்டில் பிரச்சினை வேறு. அவர் ஆறடி, நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, கேரியர் ஒன்றுதான். அவர் போட்டுவிட்டுக் கழற்றி வைத்தால் நான் மாட்டும்போது எல்லாப் பட்டையும் தொங்கும், பாப்பா கத்த ஆரம்பித்துவிடுவாள். புனலூரில் என் அக்கா வீடு. 2018இல் அகல ரயில் பாதை ஆனபிறகு ரயிலில்தான் போகிறோம், தென்மலைப் பக்கம் பதின்மூன்று கண் பாலம் வரும்போது அவர் பாப்பாவைக் கட்டிக்கொண்டு சன்னலோரம் காட்டுவார், அப்புறம் தூங்க வைக்க என்னிடம் தருவார், ஆடுகிற ரயிலில் நின்றுகொண்டு பட்டை இறுக்கினால் எப்படி இருக்கும். அதனால் என் அளவில் பட்டை எங்கே நிற்கணுமோ அந்த இடத்தில் சிவப்பு நூலால் நாலு தையல் போட்டேன், அவருக்குப் பச்சை நூல். இப்போது இருட்டுக் குகைக்குள்கூடக் கை தடவியே சரிசெய்துவிடுவேன்.

ஏலக்காட்டு அம்மா, அடுத்து வாங்குவதற்கு என் யோசனை: தோள்பட்டை முதுகில் குறுக்காகப் போட முடிகிற கேரியராகப் பாருங்கள். பள்ளிப் பை மாதிரி நேராக வருகிற பட்டை சின்னத் தோளில் வெளிப்பக்கம் நழுவும், முதுகுக் கொக்கியும் எட்டாது. குறுக்காகப் போட்டால் நழுவாது, பட்டையின் மிச்ச நீளமும் முதுகில் போய்விடும். பஞ்சு அதிகம் இருந்தால் சொகுசு என்று நினைக்க வேண்டாம். நம் அளவுக்குப் பஞ்சு குறைந்த, மெல்லிய பட்டைதான் ஒட்டி உட்காரும்.

புத்தூர் பொண்ணு

எங்கள் பக்கம், அதாவது ஆந்திராப் புத்தூர், நகரியில் நிறையப் பேர் வீட்டில் தமிழ்தான். பஸ் ஸ்டாண்டில் நரிக்குறவர் அக்காக்களைப் பார்த்திருக்கிறீர்களா, ஒரு துணியைக் குறுக்கே தோளில் முடிந்து பிள்ளையை இடுப்பில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் பாசி கோத்துக்கொண்டே நடப்பார்கள். பிள்ளை தவளை மாதிரி காலை அகட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனையோ ஆயிரம் கொடுத்து நாம் வாங்குகிற பொருள் செய்கிற வேலை அதுதான்.

நான் 4 அடி 10. பையன் தானாக உட்கார ஆரம்பித்த பிறகு ஒன்புஹிமோ என்று ஒன்று வாங்கினேன், ஜப்பான்காரர்களுடையது, இடுப்பு பெல்ட்டே கிடையாது, முதுகில் ஏற்றித் தோள்பட்டையை இறுக்கினால் முடிந்தது. உடம்பு குட்டையாக இருப்பவர்களுக்கு அது ரொம்பச் சௌகரியம், வயிறு நசுங்காது, உயரமாகத் தூக்கிக் கட்டுவதால் அவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பான், எனக்கு முன்னால் கால் வைக்கிற இடமும் தெரியும். சின்னக் குழந்தைக்கு அது கூடாது, தானாக உட்காரணும். பாரம் முழுக்கத் தோளில்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் எனக்கு முடியாது.

அலிபிரி வழியாகத் திருமலை ஏறினோம், 3,550 படி. 2023இல் சிறுத்தை சம்பவத்துக்கு அப்புறம் மதியத்துக்கு மேல் குழந்தைகளோடு ஏறக் கட்டுப்பாடு வந்ததால் விடியற்காலமே தொடங்கிவிட்டோம். நானும் என் தம்பியும் மாற்றி மாற்றித் தூக்கினோம், அவனுக்கும் அதே கேரியர் இரண்டு இழுப்பில் சரியாகிவிட்டது, பெல்ட் இல்லாததால் வந்த வசதி. ஒரு வயதுக்குள் குழந்தை இருந்தால் தரிசனத்துக்குச் சுபதம் என்கிற நுழைவாயில் வழியாகப் பெற்றோரை விடுகிறார்கள், பிறப்புச் சான்றிதழ் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி. என் வீட்டுக்காரர் கேரியரில் பையனைக் கட்டிக்கொண்டு பைக்கில் உட்காரச் சொல்கிறார். உங்கள் ஊர்களில் எல்லாம் போகிறார்களா?

ஏலக்காட்டு அம்மா, வண்டன்மேடு

புத்தூர் தங்கச்சி, போகிறார்கள், நீ போகாதே. கேரியர் நடப்பதற்கு மட்டும்தான். விழுந்தால் நம் எடை முழுக்கப் பிள்ளை மேல். நாலு வயதுக்குள் இருக்கிற குழந்தையைப் பைக்கில் ஏற்றினால் ஓட்டுகிறவரோடு இணைக்கிற பாதுகாப்புப் பட்டை, ஒன்பது மாதத்துக்கு மேல் என்றால் ஹெல்மெட், வேகம் 40 கிலோமீட்டருக்குள் என்று 2022இல் விதி கொண்டுவந்து 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டை வேறு, இது வேறு. வீட்டுக்காரரிடம் இதைக் காட்டு. காரில்கூடக் கேரியரில் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, அதற்குத் தனி சீட்டுதான்.

செங்கோட்டை அக்கா சொன்ன குறுக்குப் பட்டை சரியாக வரும் என்று தோன்றுகிறது. குமுளியில் ஒரு சேச்சி அப்படி ஒன்றைப் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று விற்கிறார், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பெல்ட்டை முழுக்க இறுக்கி டேப்பால் அளந்து போன் பண்ணச் சொன்னேன், 25 அங்குலம் என்றார். எனக்கு 26. பழையது வாங்கும்போது கொக்கியில் விரிசல், பட்டை சேருகிற இடத்தில் தையல் விட்டிருக்கிறதா என்று இரண்டையும் வெளிச்சத்தில் பார்க்கணும், அது தவிர வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? பழையது வாங்கியவர்கள் யாராவது சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.